மறைக்கத் தெரியாத புரோகிராம்

ஆண்டனிராஜ் எழுதும் எந்தப் புரோகிராமும் ஒரு ஃப்ளாப்பியைத் தாண்டாது. தாண்டினால் அதில் கொழுப்பு இருக்கிறது என்று அர்த்தம் என்பான். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்குப் பில் போடுகிற புரோகிராம், பழனியில் ஒரு லாட்ஜுக்கு அறை பதிகிற புரோகிராம், நாகல் நகர் மாவு மில்லுக்கு ஒன்று, எல்லாமே அப்படித்தான். மண்டிக்காரர் சடையாண்டி முதல்முதலாக அந்தக் கறுப்புத் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தனூண்டுக்குள்ளயா எங்க மண்டியே இருக்குதுங்க?" என்று கேட்டார். "இன்னும் பாதி எடம் காலியாக் கெடக்கு" என்றான் ஆண்டனிராஜ். அவனுக்குத் தெரிந்த ஒரே பெருமையடிப்பு அதுதான்.

பேச்சிலும் மனுஷன் அப்படியேதான். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர்கூட அவனைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவார். அவனுக்கு வாய்த்த மனைவி ஆனந்தமேரியோ நேர் எதிர். நர்ஸ் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்தவளின் மாமியார் சண்டைவரை கேட்டுக்கொண்டு வந்து, அடுப்படியில் நின்று கைவேலையோடு சொல்லிக்கொண்டிருப்பாள். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி, விஷயம் என்ன?" என்பான். "விஷயம் ஒண்ணுமில்லங்க, சும்மாதான் சொன்னேன்" என்பாள் அவள். கல்யாணமான நாலைந்து வருஷத்தில் அந்தச் சும்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் நின்றே போனது. அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை. வீடு இப்போதுதான் அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான், புண்ணியவான்.

பிறகு குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலை வந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆனந்தமேரி விமானம் ஏறிவிட்டாள். அவள் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சாயங்காலம் கதவைத் திறந்தால் காலையில் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். ஒரு குழம்பை வைத்து இரண்டு நாள் ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, யாராவது "மேரி எப்ப வருது?" என்று கேட்பதற்குள் நழுவிவிடுவான். அந்தக் கேள்விக்குப் பதில் அவனுக்கே தெரியாது. 2005 மே மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. திரும்பி வருவாளா, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவாளா என்பதை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே தவிப்பு.

ஃபோனில் பேசினால் நெஞ்சு அடைக்கிற அளவுக்குச் செலவு. அதனால் மெசஞ்சர்தான். அங்கே அவளும் அறைத்தோழியும் பங்குபோட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். திண்டுக்கல் நேரம் ஏழு மணிவாக்கில், அங்கே நாலரைக்கு, டூட்டி முடித்து வந்து உட்காருவாள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிப் பேசிக்கொள்வார்கள். வந்திருப்பவர் பெயர் பளிச்சென்று தெரியும், வராதவர் பெயர் சாம்பல் நிறத்தில் கிடக்கும்.

இதில் ஒரு சங்கடம். ஆண்டனிராஜிடம் இருந்தது ஆதி காலத்துக் கம்ப்யூட்டர். அந்த மெசஞ்சரோ மாதத்துக்கொரு தரம் புதுப்பித்துக்கொண்டு ஊதிக்கொண்டே போனது. விளம்பரம் வந்தது, பாட்டு வந்தது, சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி, அழுகிற மஞ்சள் மூஞ்சி, ஜன்னலையே குலுக்குகிற மணி எல்லாம் வந்தன. அதைத் திறக்கச் சொல்லிவிட்டு அவன் போய் உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தாலும் பாதிதான் திறந்திருக்கும். திறந்து முடித்த கையோடு கம்ப்யூட்டர் உறைந்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் அதற்குள் அவள் எழுந்து போயிருப்பாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த முனீர் அவனோடு படித்தவன். "மாப்ள, ராம் போடு. நூத்தி இருபத்தெட்டு போட்டா குதிரை மாதிரி ஓடும்" என்றான்.

"பேசுறதுக்கு எதுக்குடா அம்புட்டு ராமு? எழுத்து போகணும், எழுத்து வரணும். அம்புட்டுதான" என்றான் ஆண்டனிராஜ்.

சொன்னதோடு நிற்கவில்லை. அந்த மெசஞ்சர் தன் சர்வரோடு என்ன பாஷையில் பேசுகிறது என்பதை உலகத்தில் எங்கெங்கோ இருந்த கிறுக்கர்கள் துப்புத் துலக்கி இன்டர்நெட்டில் போட்டு வைத்திருந்தார்கள். அதையெல்லாம் இறக்கி, உட்கார்ந்து, சி மொழியில் சொந்தமாக ஒன்றை எழுதினான். விளம்பரம் கிடையாது. மூஞ்சி கிடையாது, மணி கிடையாது. வராதவர் பெயரை எதற்குக் காட்ட வேண்டும் என்று அதையும் வெட்டினான். வந்திருப்பவர் பெயர் மட்டும் தெரியும். பெயரோடு சர்வர் இன்னும் ஏதேதோ வால் ஒட்டி அனுப்பியது. வேலையாக இருக்கிறார், சாப்பிடப் போயிருக்கிறார், இப்படி. ஒருத்தர் இருக்கிறார் அல்லது இல்லை, நடுவில் என்ன கிடக்கிறது என்று அந்த வாலையெல்லாம் படிக்காமலே தள்ளிவிட்டான்.

ஒரு ஃப்ளாப்பியில் கால்வாசிகூட வரவில்லை. பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள் திறந்தது. முனீர் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான், தன் கடையிலும் ஒரு பிரதி போட்டுக்கொண்டான். அன்று சாயங்காலம் ஆண்டனிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு மணிக்கு ஆனந்தமேரியின் பெயர் வந்து நின்றதும் எல்லாவற்றையும் தட்டினான்.

"அய்யோ, நீங்களே செஞ்சதா!" என்று அவள் எழுதினாள். பிறகு, "இப்ப ஒண்ணு அனுப்புனேனே, தெரிஞ்சுதா?"

"இல்ல. வெறும் புள்ளியும் அடைப்புக்குறியும்தான் வந்துச்சு."

"அது பூங்க."

"அதெல்லாம் வேஸ்ட். வெட்டிட்டேன்."

பிறகு "சரிங்க" என்று வந்தது.

இனி மெசஞ்சர் தொங்கிவிட்டது என்று சாக்குச் சொல்ல வழியில்லை. தினமும் சாயங்காலம் முழுதாகக் கிடைத்தது. கிடைத்து என்ன செய்ய? "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "சாப்டேன். எப்ப வாரே?" இந்த மூன்றுக்குமேல் அவனிடம் சரக்கு இல்லை. முன்பெல்லாம் மெசஞ்சர் திறக்கிற நேரத்திலேயே பாதி சாயங்காலம் போய்விடும், பேச ஒன்றுமில்லாதது வெளியே தெரியாது. இப்போது அது நடுவீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. எப்ப வாரே என்று கேட்டதும் அவள், "லீவு கேக்கணும்", "மேட்ரன் சொல்லணும்" என்று எதையோ சொல்லி, "அலுப்பா இருக்கு, போறேன்" என்று போய்விடுவாள்.

கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு அவள் பேசுவதே அரிதாகிப்போனது. ஆனால் அவள் பெயர் மட்டும் ஏழு மணிக்குத் தவறாமல் வந்து நின்றது. "மேரி" என்று தட்டுவான். பதில் வராது. பெயர் அப்படியே நிற்கும். மறுநாள் பகலில் திறந்தால் அவள் போட்டுவைத்த செய்தி கிடக்கும். "நேத்து டூட்டி மாத்திட்டாங்க. வர முடியல. தப்பா நெனைக்காதீங்க."

முதலில் தன் புரோகிராமில்தான் கோளாறு என்று நினைத்தான். எழுதியதையெல்லாம் வரிவரியாகத் தேடினான். ஒரு கோளாறும் கிடைக்கவில்லை. ஒருநாள் ஏழு மணிக்கு முனீர் கடைக்கே போய், அங்கிருந்த புதுக் கம்ப்யூட்டரில் பெரிய மெசஞ்சரைத் திறந்து பார்த்தான். ஆனந்தமேரி சாம்பல் நிறத்தில் கிடந்தாள். அதை மூடிவிட்டு அதே கம்ப்யூட்டரில் தன் சின்னப் புரோகிராமைத் திறந்தான். ஆனந்தமேரி வந்திருந்தாள்.

முனீர் எட்டிப் பார்த்தான். அவனுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று தாடையைச் சொறிந்தான்.

"மாப்ள, அதுல ஒளிஞ்சிக்கிட ஒரு வசதி இருக்கு. ஆள் உள்ள இருக்கலாம், மத்தவங்களுக்கு இல்லாத மாதிரி தெரியும். இவங்களைக் காட்டாதேன்னு சர்வரு ஒரு குறி வெச்சு அனுப்பும் போல. பெரிய புரோகிராமு அதைப் படிச்சு மறைச்சிருது. நீதான் எதையும் படிக்காம தள்ளிட்டியே. உன்னோடதுக்கு மறைக்கத் தெரியல."

ஆண்டனிராஜ் சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்த வழி அவனுக்கு நினைவில்லை. டூட்டி என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறாள். தன்னை மட்டும் முட்டாளாக்கி வெளியே நிறுத்திவிட்டாள். பாய்கிற புலிக்குக்கூடப் பதுங்க நேரம் வேண்டும், அவனுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து தட்டினான்.

"நீ அங்கதான் இருக்கே. எனக்குத் தெரியுது. தினமும் தெரியுது. யாருக்காக ஒளிஞ்சிருக்கே?"

ஆனந்தமேரியின் பெயர் அந்த நொடியே மறைந்தது. அவ்வளவு வேகமாகத் திறக்கிற புரோகிராம், மறைவதையும் அதே வேகத்தில் காட்டியது.

மறுநாள் அவள் போட்டுவைத்த செய்தி வந்திருந்தது. அவன் வாழ்நாளில் அதை மறக்கப் போவதில்லை.

"வேற யாரும் இல்லங்க. உங்க பேரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நீங்க அணைச்சிட்டுப் போனதும் நானும் போயிருவேன். வந்தா எப்ப வாரேன்னு கேப்பீங்க. எனக்குச் சொல்லத் தெரியல. வீட்டுக்கு வந்தாலும் அந்த வீட்டுல பேச்சே இருக்காதேன்னு பயமா இருக்கு. வராம இருக்கவும் முடியல. கேள்வி இல்லாம செத்த நேரம் உங்க பக்கத்துல உக்காந்திருக்கணும்னு நெனச்சேன். இனி அதுக்கும் வழியில்ல."

அவன் அதைப் படித்துவிட்டு, யாரும் இல்லாத வீட்டில் வாய்விட்டு அழுதான். அத்தனை சாயங்காலமும் அவன் மண்டிக் கணக்கைத் திருத்திக்கொண்டும் குழம்பைச் சுட வைத்துக்கொண்டும் தனியாக இருக்கிறோம் என்று நினைத்திருந்தான். தனியாக இருக்கவேயில்லை. ஒருத்தி கடல் கடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், இவன்தான் விளக்கு வெளிச்சத்தை முகத்தில் அடித்து விரட்டிவிட்டான்.

அதன்பிறகு பெயர் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினான், பதில் இல்லை. செலவைப் பார்க்காமல் ஃபோன் போட்டான். அறைத்தோழி எடுத்து, "சேச்சி டூட்டிக்குப் போயி" என்று மலையாளத்தில் சொன்னாள். அடுத்த முறையும் அதையே சொன்னாள். அந்தச் சின்னப் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு வெற்றுக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். வராதவர் பெயரை எதற்குக் காட்ட வேண்டும் என்று வெட்டியது அவன்தானே. அவளுடைய பெயரைப் பார்க்கக்கூட வழியில்லாமல் போனது.

இப்படியே, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும் பிடித்தது ஒன்றை விட்டு நோன்பிருக்கிற தவக்காலம் தொடங்கிற்று. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கோயிலிலிருந்து வெளியே வரும்போது, பக்கத்தில் வந்த கோயில் உபதேசியார் ராயப்பராஜ் அண்ணன், எல்லோரையும் கேட்பதுபோல அவனையும் கேட்டார்.

"என்னப்பு, இந்தத் தவசுக்கு என்னத்தை விடப்போறே? நான் வெத்தலையை விட்டுட்டேன்."

"கறியை விட்டுருக்கேன்" என்று வாய் தானாகச் சொன்னது. வருஷா வருஷம் சொல்வதுதான். ஆனந்தமேரி போனதிலிருந்து அவன் வீட்டில் கறி எடுத்ததே இல்லை. இல்லாததை விட்டால் அது என்ன ஒறுத்தல் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தான். கம்ப்யூட்டரைப் போட்டு அந்தப் புரோகிராமை அழித்தான். எழுதிய மூல வரிகளையும் அழித்தான். ஃப்ளாப்பியை எடுத்து இரண்டாக மடக்கி உடைத்தான். நேராக முனீர் கடைக்குப் போய் அங்கிருந்த பிரதியையும் அழித்தான்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?" முனீர் பதறினான். "தங்கம் மாதிரி புரோகிராமுடா அது! மறைக்கிறதுக்கு ஒரு வரி சேத்தா முடிஞ்சு போச்சு. எதுக்கு அழிக்கிறே?"

"வரி சேத்தவனுக்கு அதை எடுக்கவும் தெரியும்ல? அவ எப்படி நம்புவா?" என்றான் ஆண்டனிராஜ். "அந்த ராம் இருக்குன்னு சொன்னியே, அதைக் குடு."

முனீர் ராமை எடுத்துத் தானே வந்து போட்டுக் கொடுத்தான். ஆண்டனிராஜ் பெரிய மெசஞ்சரை, அதன் விளம்பரம், பாட்டு, மஞ்சள் மூஞ்சி சகிதமாக மறுபடி ஏற்றினான். புது ராமுக்கும் அது முக்கி முனகித்தான் திறந்தது. ஆனந்தமேரி சாம்பல் நிறத்தில் இருந்தாள். அதைப் பார்த்ததே அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

"மேரி, என் புரோகிராமை அழிச்சிட்டேன். முனீர் கடையில இருந்ததையும் அழிச்சிட்டேன். இப்பப் பெரிசுலதான் வந்திருக்கேன். நீ இருக்கியா இல்லையான்னு இனிமே எனக்குத் தெரியாது. இந்தத் தவசுக்குக் கறியை விடல. கேள்வியை விட்டுட்டேன்."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் இருந்தது, இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு உட்கார்ந்தபோதுதான் அடுத்த கஷ்டம் தெரிந்தது. கேள்வியை விட்டுவிட்டால் அவனிடம் பேச என்ன இருக்கிறது? வெகுநேரம் யோசித்து, "இன்னிக்கு வெயில்" என்று தட்டினான். அதற்கு அடுத்த நாள், "இன்னிக்கும் வெயில்தான்" என்று தட்டினான். எழுதியதைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்தது. இந்த லட்சணத்தில் பேசினால் எவள்தான் வருவாள்?

அதன்பிறகு பகலெல்லாம் கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டு திரிய ஆரம்பித்தான். பழனி பஸ்ஸில் மொட்டை போட்ட ஒரு குடும்பம் தங்கள் பிள்ளை எது என்று தெரியாமல் முழித்தது, மாவு மில்லில் ஒரு பாட்டி தன் மிளகாயையே நம்பாமல் மில்காரனோடு சண்டை போட்டது என்று கண்டதையும் கேட்டதையும் கொண்டு வந்து சாம்பல் நிறப் பெயரின்முன் கொட்டினான். விஷயம் என்ன என்று அவனைக் கேட்க ஆளில்லை. கேட்டால் சொல்ல அவனிடமும் விஷயம் இல்லை, சும்மாதான். ஒரு நாள் தைரியம் வந்து மஞ்சள் மூஞ்சி ஒன்றைக்கூட அனுப்பினான். ஒரு பூவும் அனுப்பினான். அவள் அன்றைக்கு அனுப்பியது இதுதானா என்று தெரியவில்லை, ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதில் இல்லை. அவள் அங்கே இருக்கிறாளா, கையெழுத்துப் போட்டுவிட்டு இந்தப் பக்கமே வராமல் போய்விட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. வெறும் சுவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று சில நாள் பயம் கவ்வும். அப்போது அந்தச் சின்னப் புரோகிராமை நினைத்துக் கை துடிக்கும். உடைத்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்வான். இல்லையென்றால் ஒரே ஒரு தரம் பார்த்திருப்பான்.

பங்குனி வெயிலில் அவன் குடியிருந்த நாகல் நகருக்குத் தண்ணீர் லாரி வாரத்துக்கொரு தடவை வந்தால் பெரிய காரியமாக இருந்தது. ஒரு சாயங்காலம் அவனிடம் நல்ல கதை ஒன்று சிக்கியிருந்தது. வரிசையாகத் தட்டிக்கொண்டு போனான்.

"இன்னிக்குத் தண்ணி லாரி வந்துச்சு. வரிசையில எடம் புடிக்க ஆளாளுக்குக் கல்லு, செருப்பு, ஓட்டை வாளின்னு வெச்சிருந்தாங்க. நம்ம எதுத்த வீட்டு சண்முகவள்ளி அக்காவுக்குக் கையில ஒண்ணும் சிக்கல. அவசரத்துல குக்கரைக் கொண்டாந்து வெச்சிட்டு வீட்டுக்குள்ள போயிருச்சு. அடுப்புலருந்து அப்பத்தான் எறக்குன குக்கரு. உள்ள பருப்பு இருக்கு. அக்காவுக்கு அது ஞாபகமே இல்ல.

லாரி வந்துருச்சு. லாரிக்காரரு குழாயை எடுத்துக்கிட்டு வாராரு. குக்கர் முறை வந்துருச்சு. மூடியைத் திருகுறாரு, வரல. எல்லாரும் அக்காவைக் கூப்புடுறாங்க, அக்கா கொல்லையில துணி எடுத்துக்கிட்டு இருக்கு. இவருக்குக் கோவம். லாரியில ஏறி ஒரு சுத்தியலை எடுத்துக்கிட்டு எறங்குறாரு"

அந்த இடத்தில் அடுப்படியிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. சோறு அடிப்பிடித்துவிட்டது. அப்படியே போட்டுவிட்டு ஓடினான். அடுப்பை அணைத்து, பானையை இறக்கி வைத்து, கையில் பட்ட சூட்டுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி திரும்பி வந்தான்.

திரையில், அவன் நிறுத்திய இடத்துக்குக் கீழே, ஒரு வரி வந்திருந்தது.

"அப்புறம் என்னாச்சு?"

ஆனந்தமேரியின் பெயர் இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. ஆண்டனிராஜ் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, எதையும் வெட்டாமல், சுத்தியல் பிடித்த கையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்.